'கையைப் பிடிச்சுக்கிட்டான்' என்ற ஒரு வரிக்கு ஆயுள் தண்டனையா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மேலூர் பக்கம் ஒரு கிராமம். கண்மாயில் மீன்பாசி குத்தகை யாருக்கு என்பதில் தகராறு. 2019இல் ஒருநாள் ராத்திரி எட்டரை மணிவாக்கில், கலுங்குக்கு (கண்மாயில் உபரித் தண்ணீர் வெளியேறும் கட்டு) பக்கத்தில் வைத்துக் குத்தகைக்காரரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கூட வந்த அவருடைய தம்பிக்கும் தோளில் வெட்டு. ஒன்பது பேர் மேல் வழக்கு. 2023 கடைசியில் செஷன்ஸ் கோர்ட் ஐந்து பேரை விடுதலை செய்துவிட்டு, நான்கு பேருக்கு 302 (கொலை) உடன் 149 (சட்டவிரோதக் கூட்டம்) சேர்த்து ஆயுள் கொடுத்தது. கேள்வி கேட்டவருடைய சித்தப்பா மகன் ஏ4, அதாவது நான்காவது எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரை கோர்ட்டில் இப்படித்தான் சொல்வார்கள்). ஏ1, ஏ2, ஏ3 அருவாளால் வெட்டினார்கள், ஏ4 பின்னாலிருந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான் என்பது சாட்சியம். அப்பீல் மதுரை பெஞ்சில் நிலுவையில் இருக்கிறது. "வெட்டாதவனுக்கு எப்படி சார் அதே தண்டனை? அப்பீலில் வெளியே வர வழி இருக்கா?"

வழி இருக்கிறது. ஆனால் "அவன் வெட்டவில்லை" என்பது அந்த வழி கிடையாது. சொந்தக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் மேசைக்கு முன்னால் உட்காருகிறார்கள். சட்டம் 100 வருஷத்துக்கு முன்பே அதற்குப் பதில் சொல்லி முடித்துவிட்டது.

1923இல் கல்கத்தாவில் சங்கரிடோலா தபால் நிலையத்தில், போஸ்ட்மாஸ்டர் மேசையில் பணம் எண்ணிக்கொண்டிருந்தபோது சிலர் வந்து பணத்தைக் கேட்டுச் சுட்டார்கள். அவர் செத்தார். பிடிபட்ட பரேந்திர குமார் கோஷ், 'நான் வெளியே முற்றத்தில் நின்றிருந்தேன், சுட்டது நான் இல்லை' என்றார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது; அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் மன்றம் அதுதான். சுட்டவர் யார் என்று தெரிந்தாக வேண்டியதில்லை, பலர் சேர்ந்து ஒரே எண்ணத்தோடு செய்யும் காரியத்தில் வாசலில் நிற்பதும் ஒரு வேலைதான் என்று அங்கே தீர்ப்பானது. இந்திய தண்டனைச் சட்டம் 34ஆம் பிரிவுக்கு இன்றைக்கும் அதுதான் அடித்தளம். நம் ஊரில் கல்யாண வீட்டில் ஒருவர் அரிசி களைவார், ஒருவர் அடுப்பு பார்ப்பார், ஒருவர் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிடுவார். சமையலைத் தொடாதவர் விருந்து வைக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லையே.

ஆனால் அதே பிரிவி கவுன்சில் 1945இல் மெஹபூப் ஷா வழக்கில் இன்னொரு பக்கத்தையும் காட்டியது. சிந்து நதிக்கரையில் நாணல் அறுத்துப் படகில் கொண்டுவந்தவர்களோடு தகராறு. அடிபட்ட சொந்தக்காரனின் சத்தம் கேட்டு இரண்டு பேர் துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள். ஒருவன் சுட்டதில் ஒரு உயிர் போனது, சுட்டவன் தலைமறைவாகிவிட்டான். கூட வந்து வேறொருவரைச் சுட்டுக் காயப்படுத்திய மெஹபூப் ஷாவுக்கு, அந்தக் கொலைக்காக 34 வைத்துத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எண்ணம் இருந்திருக்கலாம். ஒரே மாதிரி எண்ணம் வேறு, சேர்ந்து கொண்ட எண்ணம் வேறு என்றது. கோர்ட்டில் எனக்குக் கிடைத்த பாதி வெற்றிகள் இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்து வந்தவைதான். நீங்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

இப்போது 34க்கும் 149க்கும் என்ன வேறுபாடு என்று பார்ப்போம். உங்கள் வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

34க்கு இரண்டு பேர் போதும். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் பொது எண்ணம் இருக்க வேண்டும், காரியத்தில் ஏதோ ஒரு பங்கும் இருக்க வேண்டும். பங்கு என்றால் அருவா வீசியிருக்க வேண்டும் என்பதில்லை. அடிதடி சம்பந்தப்பட்ட குற்றத்தில், காரியம் நடப்பதற்கு உதவியாக அந்த இடத்தில் நிற்பதே பங்கெடுப்பதுதான் என்று தமிழ்நாட்டில் இருந்து போன ராமசாமி அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976இல் சொன்னது. பொது எண்ணம் நாலு நாள் முன்பே டீக்கடையில் உட்கார்ந்து போட்ட திட்டமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே கூட உருவாகலாம். உருவானது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

149க்கு ஐந்து பேர் வேண்டும். சட்டவிரோதக் கூட்டம் என்பதற்கு 141ஆம் பிரிவு வைத்திருக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை அது. இங்கே எண்ணத்துக்குப் பதிலாகப் 'பொது நோக்கம்' என்ற சொல் வருகிறது. அந்த நோக்கத்தை நிறைவேற்றக் கூட்டத்தில் ஒருவன் குற்றம் செய்தாலும், இப்படி ஒன்று நடக்க வாய்ப்புண்டு என்று கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தாலும், அப்போது கூட்டத்தில் இருந்த எல்லோரும் பொறுப்பு. தனித்தனியாக யார் என்ன செய்தார்கள் என்று காட்ட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. 1964இல் மசால்டி வழக்கிலும், 1989இல் லால்ஜி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது. அரசுத் தரப்புக்கு 149 ஏன் பிடிக்கும் என்று இதிலிருந்தே புரியும். வலை பெரியது, கண்ணி சின்னது.

2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்கு இதே இரண்டும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5), 190 என்ற எண்களில் வந்துவிட்டன. கொலை 103(1) ஆகிவிட்டது. ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து சாதி, இனம், மொழி, பிறந்த ஊர் போன்ற காரணங்களுக்காகக் கொல்வதைத் தனியாக 103(2) என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் சம்பவம் 2019 என்பதால் பழைய சட்டம்தான். அப்பீலும் புதிய சட்டம் வருவதற்கு முன்பே போட்டது என்பதால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே நடக்கும்.

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம். ஒன்பது பேர் பேரும் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. 'இவர்களோடு அடையாளம் தெரியாத இன்னும் சிலரும்' என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை. ஒன்பதில் ஐந்து பேர் விடுதலை. மிச்சம் நான்கு. நான்கு பேரை வைத்துக்கொண்டு 149 எப்படி நிற்கும்?

நிற்காது. 1962இல் மோகன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே வைத்தது. பேர் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும்தான் கூட்டம் என்றால், அவர்களில் சிலர் விடுதலையாகி ஐந்துக்குக் கீழே போய்விட்டால், சட்டவிரோதக் கூட்டமே இல்லை. வேறு அடையாளம் தெரியாதவர்களும் இருந்தார்கள் என்று சாட்சியத்திலேயே இருந்து, நீதிபதியும் அதை ஏற்று எழுதியிருந்தால் கதை வேறு. செஷன்ஸ் தீர்ப்பில் அப்படி ஒரு கண்டறிதல் இல்லாமல் 149 போட்டிருந்தால், அது அப்பீலில் முதல் வாய்தாவிலேயே ஆட்டம் காணும்.

இதைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். 149 விழுந்தால் தண்டனையும் விழும் என்று அர்த்தமில்லை. ஹைகோர்ட் அந்த இடத்தில் 34ஐப் போட்டுத் தண்டனையை அப்படியே வைக்கலாம். குற்றச்சாட்டில் 34 என்ற எண் இல்லாமல் போனது மட்டும் காரணமாகாது. எதிரிக்குத் தன் மேல் என்ன குற்றம் என்று தெரிந்து, அதற்கு எதிராகப் பேச வாய்ப்பும் கிடைத்திருந்தால் போதும் என்று 1955இல் ஸ்லேனி வழக்கில் இருந்து இன்றுவரை சொல்லி வருகிறார்கள். ஆக, அரசு வக்கீல் எழுந்து 'மைலார்ட், 149 போனால் போகட்டும், 34 இருக்கிறது' என்பார். உங்கள் வக்கீல் அதற்குத்தான் தயாராக வேண்டும். 149ஐ உடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

34க்கு வந்தபிறகு எல்லாமே அந்த ஒரு வரியில் தொங்கும்: 'பின்னால இருந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான்.'

இந்த வரியை நான் எத்தனையோ வழக்குகளில் படித்திருக்கிறேன். மதுரையைச் சுற்றி வெட்டுக்குத்து வழக்குகளில், ஆயுதம் இல்லாத பங்காளி ஒருவன் எதிரிப் பட்டியலில் இருந்தால், அவனுக்கு ஒதுக்கப்படும் வேலை இரண்டில் ஒன்று. ஒன்று, கையைப் பிடித்துக்கொள்வது. இல்லாவிட்டால், 'வெட்டுடா அவனை' என்று சத்தம் போடுவது. உண்மையாகவே பிடித்தவனும் உண்டு, பகைக்காகச் சேர்க்கப்பட்டவனும் உண்டு. இதில் எது எது என்று காகிதம்தான் சொல்லும்.

முதலில் போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ். இறந்தவரின் இடது முன்கையில் இரண்டு வெட்டுக்காயம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம்? முன்கையின் வெளிப்பக்கம், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு வரிசையில் என்றால், அது பெரும்பாலும் தடுப்புக் காயம். அருவா இறங்கும்போது மனுஷன் அனிச்சையாகக் கையைத் தூக்கித் தலைக்கு முன்னால் வைப்பான், வெட்டு அங்கே விழும். ஒரு நிமிஷம் நீங்களே எழுந்து நின்று உங்கள் கையைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு கையும் பின்னால் பிடிக்கப்பட்டிருந்தால் அந்தக் கை எப்படித் தலைக்கு முன்னால் வந்தது? 'முதலில் தடுத்தார், அப்புறம்தான் பிடித்தார்கள்' என்று அரசுத் தரப்பு சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் எந்தச் சாட்சியும் அந்த வரிசையில் சொல்லியிருக்கக் கூடாது. பி.டபிள்யூ.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி), ஏ4 பிடித்தான், அப்புறம் மூன்று பேரும் வெட்டினார்கள் என்று சொல்லியிருந்தால், அந்த முன்கைக் காயம் அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறது. போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டரிடம் இந்தக் கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்டார்களா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றாலும் காயத்தின் இடம் காகிதத்தில் இருக்கிறது; ஹைகோர்ட் அதைப் படிக்கும்.

அடுத்தது ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். வெட்டுப்பட்ட, இறந்தவரின் தம்பியை மேலூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். இரண்டு இடத்திலும் டாக்டர் ஒரு வரி எழுதுவார்: இத்தனை மணிக்கு, இன்ன இடத்தில், தெரிந்த இத்தனை பேர் அருவாளால் வெட்டியதாகச் சொல்கிறார் என்று. அந்த எண்ணிக்கை என்ன? வழக்கில் ஒன்பது பேர், ஆனால் ஏ.ஆர். காப்பியில் 'தெரிந்த மூன்று பேர்' என்று இருந்தால், அதைவிடப் பெரிய ஆயுதம் அப்பீலில் வேறு எதுவும் இல்லை. போலீஸ் வருவதற்கு முன்னால், ரத்தம் சொட்டச் சொட்ட, யாரும் யோசனை சொல்லாத நேரத்தில் அவர் வாயில் இருந்து வந்த எண் அது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. காயத்தைப் பார்ப்பதுதான் டாக்டர் வேலை, எதிரிகளை எண்ணுவது இல்லை என்று கோர்ட் அதை ஓரம் தள்ளியதும் உண்டு. 'நான்கு பேர்' என்று இருந்தாலோ, அது ஏ4ஆக இருக்கும் உங்கள் தம்பிக்கு (சித்தப்பா மகனுக்கு) தலைவலி. 149 தொடக்கத்தில் இருந்தே கிடையாது என்பதற்கு உதவும். ஆனால் அந்த நாலாவது ஆள் யார் என்று அரசு வக்கீல் உடனே கை காட்டுவார். ஆகவே எண்ணைப் பார்க்காமல் அதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம்.

மூன்றாவது, எஃப்.ஐ.ஆர். அதில் ஏ4 பேர் இருக்கிறதா, இருந்தால் என்ன செய்ததாக இருக்கிறது? ஸ்டேஷனில் பத்து மணிக்குப் பதிவு என்று போட்டிருப்பார்கள். அந்தக் காகிதம் மாஜிஸ்திரேட் கைக்கு எப்போது போனது? மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே தேதியும் நேரமும் எழுதியிருப்பார். மறுநாள் மத்தியானம் இரண்டு மணி என்று இருந்தால், நடுவில் இருக்கிற பதினாறு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்கலாம். மேலூருக்குள்ளேயே ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கான்ஸ்டபிளுக்கு அவ்வளவு நேரமா? தாமதம் மட்டுமே வழக்கை உடைத்துவிடாது. ஆனால் ஒன்பது பேர் பட்டியல் யோசித்துப் போட்டது என்பதற்கு அது நல்ல துணை.

நாலாவதுதான் எனக்கு மனசு கனக்கும் இடம். சாட்சி போலீசிடம் 161 வாக்குமூலத்தில் 'கையைப் பிடித்தான்' என்று சொல்லாமல், கூண்டில் ஏறித்தான் முதன்முறையாகச் சொல்லியிருந்தால், அது முக்கியமான விடுபாடு. முரணாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நிரூபிக்க ஒரு முறை இருக்கிறது. சாட்சியிடம் 'நீங்கள் போலீசிடம் இதைச் சொல்லவில்லை' என்று கேட்டுவிட்டு, பின்னால் புலன்விசாரணை செய்த இன்ஸ்பெக்டர் கூண்டில் வரும்போது 'சாட்சி என்னிடம் இப்படிச் சொல்லவில்லை' என்று வாங்க வேண்டும். முதல் பாதியைக் கேட்டுவிட்டு இரண்டாவது பாதியை விட்டுவிட்ட வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு அப்பீலில், விசாரணை நீதிமன்றத்தில் நடத்திய வக்கீல் இன்ஸ்பெக்டரை ஏழு வரியில் குறுக்கு விசாரணை செய்து முடித்திருந்தார். அதில் இந்தக் கேள்வி இல்லை. 161 வாக்குமூலத்தின் நகல் என் கையில் இருக்கிறது, அதில் 'பிடித்தான்' என்ற சொல்லே இல்லை, ஆனால் அதைக் கோர்ட்டில் படிக்க எனக்கு வழியில்லை. அந்தப் பையன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

இப்போது ஒரு வேளை, 'பிடித்தான்' என்பது நிரூபணமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கதை முடியவில்லை. பிடித்தது எந்த எண்ணத்தில்? 1999இல் பீகாரில் இருந்து வந்த ராமாஷிஷ் யாதவ் வழக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தி வருகிறது. இரண்டு பேர் இறந்தவரைப் பிடித்துக்கொண்டார்கள், அப்புறம் வேறு இரண்டு பேர் வந்து கண்டாசாவால் (நீளக் கைப்பிடி வைத்த வெட்டுக் கருவி) வெட்டினார்கள். பிடித்த இரண்டு பேருக்கும் 34 வைத்துக் கொடுத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிடித்தார்கள் என்ற ஒரே காரணத்தால் கொல்லும் எண்ணம் அவர்களுக்கும் இருந்தது என்று சொல்லிவிட முடியாது என்றது. இதற்கு எதிர்ப்பக்கம் போன தீர்ப்புகளும் கைகொள்ளாத அளவு உண்டு. பிடிக்கும்போதே மற்றவன் கையில் ஆயுதம் தெரிந்ததா, வெட்டு விழ ஆரம்பித்த பின்னும் விடாமல் பிடித்திருந்தானா, எல்லோரும் ஒன்றாக வந்து ஒன்றாக ஓடினார்களா என்பதைப் பொறுத்துத் தராசு சாயும்.

இந்த இடத்தில் அருவா எங்கே இருந்தது என்பது பெரிய விஷயம். கையில் வீசிக்கொண்டு கரை மேல் நடந்து வந்தார்களா, இல்லை முதுகில் சட்டைக்குள் சொருகியிருந்தார்களா? குத்தகைப் பேச்சு முற்றி, தள்ளுமுள்ளு ஆகி, 'விடுய்யா' என்று ஒருவன் பிடிக்க, இன்னொருவன் திடீரென்று முதுகில் இருந்து உருவினான் என்றால், பிடித்தவனுக்கும் உருவினவனுக்கும் எண்ணம் ஒன்று என்று எப்படிச் சொல்வது? முன்னால் சொன்ன நாணல் வழக்கின் வெளிச்சம் இங்கேதான் விழும். கோவாவில் ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்து வேலித் தகராறில், கூடப்போன ஒருவன் சட்டென்று கத்தியால் குத்திவிட்டான். ராய் பெர்னாண்டஸ் என்ற அந்த வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், கூட்டத்தில் இருந்த மேல்முறையீட்டாளருக்குக் கொலை நடக்கக்கூடும் என்று தெரிந்திருந்ததாகச் சொல்ல முடியாது என்று 302 உடன் 149ஐ எடுத்துவிட்டுக் காயம் விளைவித்த சின்னப் பிரிவுகளோடு நிறுத்தியது. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற கட்டாயம் கிடையாது. அடித்து மிரட்டும் எண்ணம் மட்டும்தான் பொது, கொல்வது ஏ1இன் சொந்த முடிவு என்று பட்டால், 326 (ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவிப்பது) உடன் 34 என்று இறக்கலாம். 304 இரண்டாம் பகுதியோடு (கொலை ஆகாத மரணம் விளைவித்தல்) 34 சேர்க்கவும் இடமுண்டு. உள்ளே இருந்த காலத்தோடு விட்டுவிட்ட தீர்ப்புகள் அப்படித்தான் வருகின்றன. என் கணிப்பைக் கேட்டால், உங்கள் தம்பிக்கு முழு விடுதலையைவிட இந்த வழி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் கரையில் ஏறும்போதே அருவாளோடு வந்தார்கள், ஏ4 அவர்களோடு ஒரே பைக்கில் வந்தான் என்று நம்பத்தக்க சாட்சி இருந்தால், நான் இப்படிச் சொல்ல மாட்டேன்.

விடுதலையான அந்த ஐந்து பேர் விஷயத்தையும் பார்க்க வேண்டும். அவர்களை எந்தக் காரணம் சொல்லி விட்டார்கள்? 'பி.டபிள்யூ.1 சொல்வதை இவர்கள் விஷயத்தில் நம்ப முடியவில்லை' என்று இருந்தால், அதே வாய், அதே இருட்டு, அதே தூரம். ஏ4 விஷயத்தில் மட்டும் எப்படி நம்பினார்கள் என்று கேட்கலாம். 2003இல் அகமதாபாத்தில் ஒரு கும்பல் செய்த கொலை வழக்கில், ஜாவேத் சௌகத் அலி குரேஷி என்ற பெயரில் 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரே சாட்சியம், ஒரே பங்கு என்னும்போது ஒருவருக்கு விடுதலை, இன்னொருவருக்குத் தண்டனை என்று இருக்கக் கூடாது என்று சொல்லி, அப்பீலே போடாதவருக்கும் அந்தப் பலனைக் கொடுத்தது. அரசுத் தரப்பு இதற்கு வைத்திருக்கும் பதில்: அந்த ஐந்து பேரும் கம்போடு சுற்றி நின்றார்கள் என்ற பொத்தாம்பொதுவான சாட்சியம்தான், ஏ4க்குத் தனிச் செயல் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தப் பதில் வலுவானதுதான். அப்படிப் பார்த்தால், ஒன்றும் செய்யாமல் நின்றதாகச் சொல்லப்பட்டவர்கள் வெளியே போனதே, செய்ததாக ஒரு வரி எழுதப்பட்டவன் உள்ளே இருக்கக் காரணம்.

கூட்டமாக நடந்த கொலைகளில் கோர்ட் ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறது, அதுவும் மசால்டி வழக்கில் வந்ததுதான். எதிரிகள் நிறைய, செத்தவர்களும் காயம்பட்டவர்களும் நிறைய என்றால், ஒருவனை இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பது வழக்கம். சட்டக் கட்டாயம் கிடையாது, ஜாக்கிரதைக்காக. மேலூர்க்காரர்களுக்கு மேலவளவு ஞாபகம் வரும். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டும், 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. அவ்வளவு பெரிய கும்பல் என்றாலும், யார் யார் என்று சாட்சியம் நிற்கும்போது 'கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன்' என்பது எடுபடாது. அதை மறந்துவிட்டு இந்தச் சட்டமே அநியாயம் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. செத்தவர் வீட்டில் இருந்து பார்த்தால், ஒன்பது பேர் சுற்றி நின்றதால்தான் அவரால் ஓட முடியவில்லை.

உங்கள் வழக்கில் பி.டபிள்யூ.2 சம்பவத்தைக் கலுங்கில் இருந்து பார்த்ததாகச் சொல்கிறார், பி.டபிள்யூ.3 முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சி ஆகிவிட்டார். ஆக ஏ4ஐப் பற்றிப் பேசுவது ஒன்றரை வாய்தான். இறந்தவரின் தம்பி காயம்பட்ட சாட்சி. காயம்பட்டவர் அங்கே இருந்தார் என்பதில் சந்தேகம் வராது, அதனால் கோர்ட் அவருக்குத் தனி மதிப்புக் கொடுக்கும். சொந்தக்காரர் என்பதற்காகவும் தள்ளிவிட மாட்டார்கள். சொந்தக்காரன் உண்மைக் குற்றவாளியை விட்டுவிட்டு வேறு ஆளை மாட்டிவிட மாட்டான் என்று 1953இலேயே தலிப் சிங் வழக்கில் சொல்லியாகிவிட்டது. எனவே 'சொந்தக்கார சாட்சி' என்று சொல்லிப் பக்கங்களை நிரப்புவதைவிட, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் எடுங்கள். கலுங்கில் இருந்து சம்பவ இடம் எத்தனை அடி? நடுவில் கருவேல மரம் இருக்கிறதா? தெருவிளக்கு வரைபடத்தில் காட்டியிருக்கிறதா? ராத்திரி எட்டரைக்குக் கண்மாய்க் கரையில் எந்த வெளிச்சத்தில் கை பிடித்ததைப் பார்த்தார்? கண்மாய்க் கரையில் ராத்திரி நடந்தவர்களுக்குத் தெரியும், பத்தடிக்கு அந்தப் பக்கம் வருவது மாமனா மச்சானா என்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கை. 313 கேள்வியில், அதாவது சாட்சியம் முடிந்ததும் நீதிபதி எதிரியிடம் நேராகக் கேட்கும் கேள்வியில், உங்கள் தம்பி என்ன பதில் சொன்னான் என்று முதலில் படியுங்கள். 'நான் அன்றைக்குத் திருப்பூரில் இருந்தேன்' என்று சொல்லிவிட்டு, அப்பீலில் 'அங்கே இருந்தான், விலக்கிவிடத்தான் பிடித்தான்' என்று வாதிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்புக்குத்தான், மாற்று வாதம் வைக்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் எதிரே இருக்கும் இரண்டு நீதிபதிகளும் மனிதர்கள்தானே.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஒரு வேலை செய்துகொண்டு போங்கள். நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கட்டம் போடச் சொல்வார். மேலே ஏ1 முதல் ஏ9 வரை. இடது பக்கம் எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, 161 வாக்குமூலம், கோர்ட்டில் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை என்று ஒவ்வொரு சாட்சிக்கும் வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆளைப் பற்றி அந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்று நாலு சொல்லில் எழுத வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை என்றால் காலியாக விட வேண்டும். ஏ4க்குக் கீழே எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காலிக் கட்டங்கள்தான் உங்கள் அப்பீல்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்ட மனு ஒருமுறை தள்ளுபடியானதாக எழுதியிருக்கிறீர்கள். மறுபடியும் போடலாம், தடையில்லை. ஆயுள் தண்டனை என்பதால் அரசு வக்கீலுக்கு எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புக் கொடுத்துத்தான் விசாரிப்பார்கள். இந்த முறை மனுவில் 149க்கு எண்ணிக்கை போதவில்லை என்பதை முதல் பத்தியிலேயே வையுங்கள். மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியும் குறை என்றால்தான் அந்தக் கட்டத்தில் காது கொடுப்பார்கள். உள்ளே இருந்த மொத்த நாளையும் புது ஜெயில் ரோட்டில் இருக்கும் மத்திய சிறையில் இருந்து சான்றாக வாங்கி இணையுங்கள்.

விடுதலையான ஐந்து பேர் மேல் அரசோ, செத்தவர் குடும்பமோ அப்பீல் போட்டிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் 2009 கடைசியில் இருந்து அந்த உரிமை உண்டு. அப்படி ஒன்று நிலுவையில் இருந்து இரண்டையும் சேர்த்து எடுத்தால், அந்த ஐந்தில் ஒருவர் விடுதலை ரத்தானாலும் எண்ணிக்கை மறுபடி ஐந்து ஆகிவிடும். நான் மேலே கட்டிய கோட்டையின் முன்வாசல் அங்கே இடியும்.

காசு பிரச்சினை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஒத்தக்கடையில் ஹைகோர்ட் வளாகத்துக்குள்ளேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. உங்கள் தம்பி சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவும் மனுக் கொடுக்கலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார்கள் என்ற பேச்சை நம்பிக் காட்டை விற்றுவிடாதீர்கள். நன்றாகப் படித்து வாதாடும் சின்ன வயது வக்கீல்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் தீர்ப்பு நகலோடு அந்தக் கட்டம் போட்ட அட்டையையும் கொடுங்கள். ஏ.ஆர். காப்பியில் இருக்கும் எண் என்ன என்று பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.